ஏட்டுக்கு ஏடு உறவு

தொட்டதோகூரிலிருந்து அம்மையார் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதத்தையே இத்திங்கள் நமது பகுதிக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். அவருடைய மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிபவர். இரவு பத்து மணிக்கும் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் "டேபிள், ரிலேஷன், கியூரி" என்று யாருடனோ பேசுகிறாராம். "ரிலேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் சம்பந்தம் ஏதோ கூடி வருகிறது என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் அது பெண் வீட்டார் பேச்சு அன்று என்பது விளங்கிற்று. அது என்ன வேலை? அதற்காக அவன் ஏன் இப்படிக் கவலைப்பட வேண்டும்?" என்று அம்மையார் கேட்கிறார். நியாயமான கேள்வி. இதே ஐயம் நமது சங்கத்து இல்லங்கள் பலவற்றில் உண்டு என்பதை நாம் அறிவோம்.

நாம் ரயில்வே குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. கணினிச் சாத்திரம் பேச நமக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். ஆயினும் ரிஜிஸ்டர், பேரேடு, ரசீதுப் புத்தகம் இவற்றோடு நமக்கு நெடுநாள் பழக்கம். நமது சங்கத்து இளைஞர் இருவர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அருகில் அமர்ந்து விளக்கியபோது, அவர்கள் கூறுவதில் பெரும்பகுதி ஏடு காக்கும் வேலையே என்பது நமக்குத் தெரியவந்தது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைமையில் இருந்த ஆர். கே. பாலிகா அவர்களின் கனவின்படி, 1970-களின் இறுதியில் கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களில் 332 ஏக்கர் நிலத்தில் இந்நகரத்தைத் தோற்றுவித்தது. இன்று இங்குள்ள கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நடக்கும் வேலைகளில் பல, மேற்பூச்சை நீக்கிப் பார்த்தால், குமாஸ்தா வேலையே. இதைக் கேட்டு இளைஞர்கள் வருந்த வேண்டா. குமாஸ்தா வேலை இழிந்ததன்று.

முதலில் ஒரே ஏட்டில் எல்லாவற்றையும் எழுதினால் என்ன கேடு என்று பார்ப்போம். நமது சங்கத்தில் ஒரு குடும்பம் சேருகிறது. தலைவர் பெயர், சொந்த ஊர், வாடகை வீட்டு முகவரி, பிள்ளைகள் மூவர், அவர்கள் படிக்கும் வகுப்பு, மாதந்தோறும் செலுத்தும் சந்தா ஆகிய அனைத்தையும் ஒரே ரிஜிஸ்டரில் எழுதுகிறோம் என்று கொள்வோம். பிள்ளைக்கு ஒரு வரி, சந்தாவுக்கு ஒரு வரி என்று எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் முகவரியைத் திரும்ப எழுத வேண்டும். நம்மவர்க்கோ பதினொரு மாத வாடகை ஒப்பந்தம். அது முடிந்தால் வேறு வீடு. முகவரி மாறியதும் எல்லா வரிகளிலும் அடித்துத் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றொன்றில் மறந்தால் ஒரே குடும்பம் ஏட்டில் இரண்டு வீடுகளில் குடியிருக்கும். பொங்கல் அழைப்பு பழைய வீட்டுக்குப் போகும், திரும்பியும் வாராது.

ஆகவே குடும்பத்துக்கு ஓர் ஏடு, பிள்ளைகளுக்கு ஓர் ஏடு, சந்தாவுக்கு ஓர் ஏடு என்று பிரிக்கிறோம். குடும்ப ஏட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் உண்டு. பிள்ளைகள் ஏட்டில் முகவரி எழுதுவதில்லை. குடும்ப எண்ணை மட்டும் எழுதுகிறோம். முகவரி ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். திருத்தமும் ஓரிடத்தில் போதும். இவ்வாறு வேறோர் ஏட்டைச் சுட்டும் எண்ணுக்குக் கணினியார் ஃபாரின் கீ என்று பெயர் வைத்திருக்கின்றனர். அயலூர் ஏட்டைத் திறக்கும் சாவி என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இம்முறைக்குக் கணித அடிப்படை கொடுத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தார். 1970-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், பெரிய தகவல் களஞ்சியங்களை இத்தகைய அட்டவணைகளாக அமைத்து, எண்ணோடு எண்ணைப் பொருத்தி வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்று காட்டினார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவர் 1974-இல் வெளியிட்ட கேள்வி மொழியே இன்று எஸ்.கியூ.எல். என்று வழங்குகிறது. 1981-இல் காட் அவர்களுக்குக் கணினித் துறையின் தலைசிறந்த பரிசாகிய டூரிங் விருது கிடைத்தது.

ரயில்வேயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. முன்பதிவுப் படிவம் ஒன்றில் ஆறு பேர் வரை எழுதலாம். ஆறு பேருக்கும் பத்து இலக்கம் கொண்ட பி.என்.ஆர். எண் ஒன்றே. ஒரு பி.என்.ஆர்., பல பயணிகள். இஃது ஒன்றுக்குப் பல என்னும் உறவு. வண்டிகளும் நிலையங்களும் வேறு வகை. ஒரு வண்டி பல நிலையங்களில் நிற்கும். ஒரு நிலையத்தில் பல வண்டிகள் நிற்கும். இது பலவற்றுக்குப் பல. சேலத்திலிருந்து ஓமலூர், தருமபுரி, ஓசூர் வழியாக வரும் நமது பாதையையே எடுத்துக்கொள்வோம். ஆனேக்கல் ரோடு தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அண்மையில் உள்ள ஹீலலிகே நிலையம் வருகிறது. எல்லா வண்டிகளும் அங்கே நில்லா. எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை வண்டி ஏட்டிலும் எழுத முடியாது. நிலைய ஏட்டிலும் எழுத முடியாது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஏடு வேண்டும். அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு வண்டி எண், ஒரு நிலையக் குறி, இரண்டு நேரங்கள். நாம் சுவரில் ஒட்டும் கால அட்டவணை இந்த நடு ஏடே.

கையால் எழுதிய முன்பதிவு ரிஜிஸ்டர்களின் காலம் 1980-களின் நடுவில் முடியத் தொடங்கிற்று. 1985-இல் புது டெல்லியில் கணினி முன்பதிவு சோதனையாக ஆரம்பமாயிற்று. 1986-இல் ரயில்வேக்கெனக் கிரிஸ் என்னும் கணினி நிறுவனம் அமைந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைந்தன. அதற்குப் பிறகே ஓரூரில் உட்கார்ந்து இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் சீட்டுப் பெறுவது எளிதாயிற்று. 2002-இல் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் சீட்டு எடுக்கவும் வழி பிறந்தது. தீபாவளிக்கு ஊர் செல்ல அறுபது நாள் முன்னதாகக் காலை எட்டு மணிக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நம் அன்பர்களுக்கு இதன் அருமையும் தெரியும், அவதியும் தெரியும்.

நிற்க. அம்மையாரின் மகன் செய்வது என்ன? இணையத் தளங்களைக் கட்டுவோர் எல்லாவற்றையும் அடிமுதல் தாமே எழுதுவதில்லை. வீடு கட்டுவோர் சாரம் கட்டிக்கொள்வதுபோல ஆயத்தமான சட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்கின்றனர். அவற்றுள் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-இல் ஹோலோவாட்டி, வில்லிசன் என்னும் இருவர் தொடங்கியது; 2005-இல் எல்லார்க்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ என்பது கிதார் வாசித்த ஒரு கலைஞரின் பெயராம். பைத்தான் மொழியில் எழுதினால், அதுவே எஸ்.கியூ.எல். கேள்வியாக மாற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடும்.

இதில் உள்ள வசதி பெரிது. குடும்பம் என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, ஊர் என்று எழுதினால் போதும். குடும்ப ஏட்டிலிருந்து ஊர் ஏட்டுக்குத் தானே தாவி, விவரத்தைக் கொண்டுவரும். கேள்வி கேட்கும்போது இரண்டு அடிக்கோடுகளைச் சேர்த்து இட்டால், ஓர் ஏட்டைக் கடந்து அடுத்த ஏட்டுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த ஏட்டுக்கும் போகலாம். தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் யார் யார் என்பதை ஒரே வரியில் கேட்டுவிடலாம். ஆனால் வசதி என்பது செலவை மறைக்கும் திரையும் ஆகும். அம்மையாரின் மகனுக்குத் தூக்கம் கெடுவது இவ்விடத்திலேதான்.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்வோம். மேசையில் குமாஸ்தா, சற்றுத் தொலைவில் ரிக்கார்டு அறை, நடுவே ஒரு பியூன். இருநூறு குடும்பங்களின் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொந்த ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். பியூன் முதலில் சென்று குடும்ப ஏட்டைப் பார்த்து இருநூறு பெயர்களை எழுதி வருகிறார். அதில் ஊருக்கு எண் மட்டுமே உண்டு. குமாஸ்தா முதற்பெயரைப் படித்து, "ஏழாம் எண் எந்த ஊர்?" என்கிறார். பியூன் மறுபடி செல்கிறார். "அரூர்" என்று வந்து சொல்கிறார். இரண்டாம் பெயருக்கு மீண்டும் ஒரு நடை. அதுவும் ஏழாம் எண்ணாகவே இருந்தாலும் பியூன் நடந்தே தீர வேண்டும். ஆக இருநூற்றொரு நடை. நடை ஒன்றுக்கு ஐந்து மில்லிசெகண்டு ஆயின் மொத்தம் ஒரு செகண்டு. களஞ்சியம் தொலைவில் இருந்து, நடை ஒன்றுக்கு முப்பது மில்லிசெகண்டு ஆயின் ஆறு செகண்டு. ஆறு செகண்டு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இக்காலத்தில் யார் காத்திருப்பார்? ஒரே வேளையில் ஆயிரம் பேர் அப்பக்கத்தைத் திறந்தால் ரிக்கார்டு அறை வாசலில் பியூன்கள் முட்டி மோதிக்கொள்வர். இந்நோய்க்கு "என் பிளஸ் ஒன்" என்று பெயர். வேலைக்கு நேர்முகம் செல்லும் இளைஞர்களை இதைப் பற்றிக் கேட்பது வழக்கம் என்றும் அறிகிறோம்.

பரிகாரம் இரண்டு. முதலாவது, பியூன் புறப்படும்போதே "குடும்ப ஏட்டையும் ஊர் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துச் சேர்த்தே எழுதி வா" என்று சொல்லியனுப்புவது. இதற்கு ஜாங்கோவில் செலக்ட் ரிலேடட் என்று பெயர். ஒரே நடை. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஊர் என்பதுபோல எதிர்ப்பக்கத்தில் ஒன்றே இருக்கும் உறவுக்கு இது பொருந்தும். பிள்ளைகள், சந்தா போலப் பல இருக்கும் உறவுக்கு இதைப் பயன்படுத்த இயலாது. அங்கே இரண்டாவது பரிகாரமாகிய ப்ரீஃபெட்ச் ரிலேடட். முதல் நடையில் இருநூறு குடும்பங்கள். அடுத்த நடையில் அவ்விருநூறு எண்களையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்து, "இவற்றுக்குரிய பிள்ளைகள் எல்லாரையும் கொண்டு வா" என்பது. வந்த பிறகு எந்தப் பிள்ளை எந்தக் குடும்பம் என்று குமாஸ்தா மேசையிலேயே பொருத்திக்கொள்வார். இருநூற்றொரு நடைக்குப் பதில் இரண்டே நடை. ரெயில்ஸ், லாராவெல் முதலிய பிற சட்டகங்களிலும் இதே நோய் உண்டு, மருந்தும் உண்டு, சீசாவின் மேல் எழுதியிருக்கும் பெயர் மட்டும் வேறு.

இது முதலிலேயே கண்ணில் படாதா என்று நாம் இளைஞர்களைக் கேட்டோம். படாதாம். எழுதுகிறவரின் சொந்தக் கணினியில் சோதனைக்கென ஐந்து குடும்பங்களே இருக்கும். களஞ்சியமும் அதே பெட்டிக்குள் இருக்கும். ஆறு நடை நடந்தாலும் கண்ணிமைக்கும் நேரம் ஆகாது. மேலும் ஜாங்கோ சோம்பல் குணம் உடையது. கேள்வியை எழுதியவுடன் பியூன் கிளம்புவதில்லை. விடையைப் படிக்கத் தொடங்கும்போதே கிளம்புகிறார். ஆகவே கேள்வி எழுதப்பட்ட வரி ஓரிடம், செலவு நேரும் வரி வேறிடம். நோயின் இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் இரவு பத்தாகிவிடுகிறது.

தாமதம் பொறுக்கக் கூடியது. தவறான விடை வேகமாக வந்து சேர்வதே நமக்கு அதிக அச்சம் தருகிறது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு நிலவியது நேயர்களுக்கு நினைவிருக்கும். வேலையும் இல்லாமல், வண்டியும் இல்லாமல் நம்மவர் பலர் அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். அண்டை வட்டாரத்துச் சங்கம் ஒன்று (பெயர் வேண்டா) அரிசி மூட்டை வழங்க முன்வந்தது. நல்ல மனம், நல்ல ஏற்பாடு. கணினியிலிருந்து பட்டியல் எடுத்தனர். எத்தனை பேருக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட வேண்டியிருந்ததால், குடும்ப ஏட்டையும் வீட்டு உறுப்பினர் ஏட்டையும் சேர்த்துக் கேட்டனர். அழகாகப் பட்டியல் வந்தது. பட்டியலில் உள்ளோர் அனைவருக்கும் அரிசி சேர்ந்தது.

வராதவர் யார்? தனியாக வாழ்பவர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இங்கே அறையெடுத்துத் தங்கியிருக்கும் காவலாளிகள், ஓட்டுநர்கள், கட்டட வேலை செய்வோர். அவர்கள் பெயர் குடும்ப ஏட்டில் இருந்தது. உறுப்பினர் ஏட்டிலோ அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. உடன் இருப்பவர் எவரும் இல்லையே! இரண்டு ஏடுகளிலும் பொருந்தும் வரி இருந்தால் மட்டுமே விடையில் சேர்க்கும் முறைக்கு இன்னர் ஜாயின் என்று பெயர். ஒரு பக்கம் வெறுமையாயின் அப்பெயரே நீங்கிவிடும். கணினி பிழை என்று கூவுவதில்லை. குறைந்த பட்டியலும் நிறைந்த பட்டியலைப் போலவே தோன்றும். தருமபுரிப் பக்கத்துக் காவலாளி ஒருவர் மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கிக் கொடுத்திருக்கிறார். தம் பெயர் அதில் இல்லை என்பதை எவரிடமும் கேட்கவில்லை. சந்தா ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் பெயர் பெயராக ஒத்துப் பார்த்தபோதே, இத்தனை பேர் விடுபட்டனர் என்பது தெரிந்தது. நான்கு நாள் கழித்து அவர்களுக்கும் அரிசி போயிற்று. அந்த நான்கு நாளும் அவர்கள் என்ன உண்டனர் என்று நாம் விசாரிக்கவில்லை.

இதற்கு வேண்டியது லெஃப்ட் அவுட்டர் ஜாயின். "இடப்பக்கத்து ஏட்டில் உள்ள ஒருவரையும் விடாதே, வலப்பக்கத்தில் எவரும் இல்லையேல் அக்கட்டத்தை வெறுமையாக வை" என்பது அதன் பொருள். ஜாங்கோவில், உறவுக் கட்டம் வெறுமையாக இருக்கலாம் என்று ஏடு வகுக்கும்போதே எழுதிவைத்தால், செலக்ட் ரிலேடட் இம்முறையையே பின்பற்றும். ஆனால் மற்றோர் ஏட்டின் கட்டத்தை வைத்து வடிகட்டினால் வெறுமையானவர் நீங்கிவிடுவர். கேட்பவர்தாம் கவனிக்க வேண்டும்.

குறைவது ஒரு கேடாயின் மிகுவது மற்றொன்று. பிள்ளைகள் ஏட்டை ஊடாக வைத்து, "தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளையுடைய குடும்பங்கள்" என்று கேட்டால், மூன்று பிள்ளைகள் வரும் குடும்பம் பட்டியலில் மூன்று முறை வரும். டிஸ்டிங்க்ட் என்று சேர்த்துக் கேட்டால்தான் ஒருமுறை வரும். பொருளாளர்கள் கவனிக்க வேண்டியது இதனினும் பெரிது. மூன்று பிள்ளைகளையுடைய குடும்பம் நூறு ரூபாய் வீதம் நான்கு சந்தா செலுத்தியிருக்கிறது. பிள்ளைகள் எத்தனை, சந்தாத் தொகை எவ்வளவு என்று இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டால், மூன்றும் நான்கும் பெருகிப் பன்னிரண்டு வரிகள் ஆகும். பிள்ளைகள் பன்னிரண்டு, சந்தா ஆயிரத்து இருநூறு ரூபாய்! கையில் இருப்பதோ நானூறு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தக் கணக்கைப் படிக்கும் பொருளாளரின் நிலைமையை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். இரண்டையும் தனித்தனியே கேட்பதே நேர்வழி.

இன்னொரு நுட்பமும் உண்டு. இதை இளைஞர்கள் சொன்னபோது நாம் மிகவும் வியந்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு உதவித்தொகை என்று வைப்போம். "பிள்ளை பெண், வகுப்பு பத்து" என்று இரண்டு நிபந்தனைகளையும் ஒரே ஃபில்டருக்குள் எழுதினால், இரண்டும் ஒரே பிள்ளைக்குப் பொருந்தும் குடும்பமே வரும். முதலில் ஒரு ஃபில்டர், அதன்பின் மற்றொரு ஃபில்டர் என்று இரண்டாக எழுதினால், பத்தாம் வகுப்பில் மகனும் மூன்றாம் வகுப்பில் மகளும் உடைய குடும்பமும் உள்ளே வந்துவிடும். வீட்டில் ஒரு பெண் உண்டு, பத்தாம் வகுப்பும் உண்டு என்று கணினி திருப்தியடைகிறது. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றுபோல ஒலித்தாலும் உதவித்தொகை போய்ச் சேரும் வீடு வேறாகிறது.

அழிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் மாற்றிச் சென்ற குடும்பத்தின் வரியை நீக்கினால் பிள்ளைகள், சந்தா வரிகளின் கதி என்ன? எல்லாம் உடன் அழிய வேண்டுமா, அவை இருக்கும்வரை குடும்பத்தை அழிக்க விடாமல் தடுக்க வேண்டுமா என்பதை ஜாங்கோவில் ஏடு வகுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட ஏட்டுக்குத் தடுப்பதே முறை என்பது நமது கருத்து. ரயில்வேயில் ரசீதின் அடிக்கட்டையைக் கிழித்தெறிய நமக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

கடிதம் எழுதிய அம்மையாருக்குச் சொல்லக்கூடியது இதுவே. தங்கள் மகன் இரவில் எண்ணிக்கொண்டிருப்பது பியூனின் நடைகளை; சில நாள், விடுபட்ட பெயர்களையும். சூடாக ஒரு தம்ளர் பால் கொடுத்து, "எத்தனை நடை குறைந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். வியந்துபோவார்.

இத்துறையில் இறங்க விரும்பும் பிள்ளைகள் சட்டகத்துக்கு முன்பு எஸ்.கியூ.எல். மொழியைக் கற்க வேண்டும் என்று நமது சங்கத்து இளைஞர்கள் ஒருமுகமாகக் கூறுகின்றனர். அதற்கு வேண்டிய எஸ்.கியூ.லைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரண்டும் காசின்றிக் கிடைக்கின்றன. ஜாங்கோ அனுப்பும் கேள்விகளை ஒவ்வொன்றாக எதிரே காட்டும் கருவியும் இலவசமே. பழகும் நாள் முதலே அதைத் திறந்துவைத்துக்கொள்வது நலம். இவ்வளவையும் செய்த பின்பும் ரிக்கார்டு அறைக்குள்ளேயே பியூன் நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தால், அதற்கு இண்டெக்ஸ் என்னும் வேறொரு பரிகாரம் உண்டு. அதனை அடுத்த திங்கள் எழுதுவோம்.